புரிசிமா ரெட்வுட் காட்டில் ஏழு மைல் சுற்று: முதல்முறை போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ரெட்வுட் என்னும் வானுயர்ந்த மரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மியூர் வுட்ஸைத்தான் சொல்வார்கள். அங்கே கார் நிறுத்தவே முன்பதிவு செய்ய வேண்டும். நான் சொல்லப் போவது ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊர்ப் பக்கம் இருக்கும் புரிசிமா கிரீக் ரெட்வுட்ஸ். கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஓடையை ஒட்டி, அடர்ந்த நிழலில் நடக்கலாம். ஆனால் இங்கே சுற்றுப்பாதையில் போக முன்கூட்டியே கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும். நடுவில் களைத்துப் போனால் குறுக்கு வழி எதுவும் இல்லை.

முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

காட்டுக்கு மூன்று வாசல்கள். இரண்டு மேலே ஸ்கைலைன் சாலையில், ஒன்று கீழே ஹிகின்ஸ் கேன்யன் சாலை வழியாக. கைபேசியில் வெறுமனே 'புரிசிமா' என்று போட்டால் எந்த வாசலுக்குக் கூட்டிப் போகும் என்று சொல்ல முடியாது. இந்தச் சுற்றுக்கு நமக்கு வேண்டியது கீழ் வாசல். ஹாஃப் மூன் பேயைத் தாண்டி நெடுஞ்சாலை 1-லிருந்து பிரிந்து, குறுகலான வளைந்த சாலையில் நாலரை மைல் போக வேண்டும். கார் நிறுத்தும் இடம் சின்னது. வார இறுதி என்றால் காலை எட்டு மணிக்கு முன்பே அங்கே இருப்பது நல்லது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது என்றால் இந்தச் சுற்று வேண்டாம். ஸ்கைலைன் சாலையில் ரெட்வுட் டிரெயில் என்று கால் மைல் நீளத்தில் ஒரு சமதளப் பாதை இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் உண்டு. அது அவர்களுக்கு அருமையான இடம்.

எந்தத் திசையில் சுற்றுவது

சுற்றில் மூன்று பாதைகள்: ஹார்கின்ஸ் ரிட்ஜ், கிரேக் பிரிட்டன், புரிசிமா கிரீக். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை மைல். மொத்தம் ஏழு மைலுக்குச் சற்று மேல், அதாவது பதினொன்று பன்னிரண்டு கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 1,500 அடி.

ஹார்கின்ஸில் ஏறி, புரிசிமா ஓடையோரமாக இறங்குங்கள். ஹார்கின்ஸ் செங்குத்தானது, பல இடங்களில் நிழலும் கிடையாது. காலைக் குளிரில், கால்களில் தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். மாற்றிச் சுற்றினால் கடைசியில் அந்தச் சரிவில் முழங்கால் நோக இறங்க வேண்டியிருக்கும். நான் முதல்முறை அப்படித்தான் போனேன். ஒரு வாரம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வலித்தது.

வழி சுலபம். வாசல் அருகே உள்ள பாலத்தைக் கடந்து ஹார்கின்ஸ் பலகையைப் பார்த்து ஏறுங்கள். அதன்பின் கிரேக் பிரிட்டனுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும், அது முடிந்து புரிசிமா கிரீக் பாதையைத் தொட்டதும் மறுபடி வலது. காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள், வாசலில் உள்ள வரைபடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று மலை நடையில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி நம் சுற்றுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். புதிதாக நடப்பவர்கள் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்துப் போனால் நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ரெட்வுட் அடியில் அதற்கும் முன்பே இருட்டும். குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல் இந்தச் சுற்றைத் தொடங்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரே வழியில் போய்த் திரும்பும் நடையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். சுற்றில் பாதி தூரம் போய்விட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம்தான். அதனால் ஹார்கின்ஸில் ஏறி கிரேக் பிரிட்டன் பலகையைப் பார்த்ததும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். புறப்பட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா? கூட வந்தவர்களில் யாராவது பேச்சைக் குறைத்துவிட்டார்களா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வந்த வழியே இறங்கிவிடுங்கள், இரண்டரை மைல்தான். இந்த முடிவை முந்தின நாளே எல்லோரிடமும் பேசி வையுங்கள். மேலே போய்ப் பேசினால் யாரும் 'முடியவில்லை' என்று வாய் திறக்க மாட்டார்கள்.

பையில் என்ன

குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் கடல் மூடுபனி உள்ளே வரும், அதனால் மெல்லிய ஜாக்கெட் ஒன்று அவசியம். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது, குளிரும். பிடிமானம் உள்ள ஷூ, சின்ன டார்ச். நாயை அழைத்து வர அனுமதி இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்தும் மண் சரிந்தும் பாதைகளை மூடுவார்கள், ஆகவே புறப்படும் முன், இந்தக் காட்டை நிர்வகிக்கும் மிட்பெனின்சுலா ரீஜனல் ஓப்பன் ஸ்பேஸ் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம்தான் என் தேர்வு. கெடாது, தெம்பும் தரும். ஆனால் ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தக் கூடாது. மார்பிள்டு மரலெட் என்ற கடற்பறவை இந்தச் சாண்டா குரூஸ் மலைத்தொடரின் பழைய மரங்களில் முட்டையிடும். நாம் சிந்துவதைத் தின்ன அண்டங்காக்கைகளும் ஜே பறவைகளும் கூடும், அப்புறம் அந்த முட்டைகளையும் தின்றுவிடும். மிக்சர் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வழியில் பார்க்க வேண்டியவை

கிரேக் பிரிட்டன் பாதையில் நடப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. சைக்கிள் வராது, அதனால் நிதானமாகப் போகலாம். பெரிய அடிக்கட்டைகளைச் சுற்றி மரங்கள் வட்டமாக நிற்பதைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் மர ஆலைகள் இருந்தன. வெட்டிய மரத்தின் அடியிலிருந்து, வாழைக்கன்று போல, கிளம்பியவைதான் இன்று நிற்கும் பல மரங்கள்.

தரையில் நம் ஊர்ப் புளியாரை போலவே, ஆனால் பெரிய இலைகளோடு ஒரு செடி படர்ந்திருக்கும். இரண்டும் ஒரே பேரினம்தான். மரங்களின் நடுவே வெயில் புள்ளி விழும் இடத்தில் குனிந்து பாருங்கள். சில நிமிடங்களில் மூன்று இலைகளும் குடை மடக்குவது போலக் கீழே மடங்கும். நிழல் வந்ததும் விரியும்.

மூன்று மூன்று இலைகளாக இருக்கும் இன்னொரு செடி பாய்சன் ஓக். அதைத் தொடவே கூடாது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாகும் அல்லவா, அதே குடும்பம்தான் இதுவும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதன் எண்ணெய் அரிக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள், கைகளை ஓரச் செடிகளில் உரசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். காலுறை ஓரம், முழங்கால் மடிப்பு, பிடரி மூன்றிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.