ட்ராக்கர் இல்லாமல் மட்டக்களப்புக் கல்லடி வளவிலிருந்து ஓரியன் நெபுலா

எங்கள் வளவுக்கு மேற்கே தெருவிளக்கு, வடக்கே அயல்வீட்டுத் தென்னைகள். வானம் நகர்வதற்கேற்பக் கமராவைத் திருப்பும் ட்ராக்கர் வாங்கக் காசும் இல்லை. ஆனாலும் எம்42, அதாவது ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு முகில், படத்தில் விழுந்தது.

முதலில் காலம். மாரியில் முகில்தான், முயற்சிக்கவே வேண்டாம். பெப்ரவரி நடுப்பகுதியில் நிலவில்லாத இரவாகப் பாருங்கள். எட்டு மணிக்குச் சற்று முன்னரே எம்42 ஏறக்குறைய உச்சியில், 77 பாகை உயரத்தில் நிற்கும். துருவ நட்சத்திரத்தைத் தேடி மினக்கெட வேண்டாம். இங்கே அது ஏறக்குறைய 8 பாகை உயரத்தில்தான், என் வீட்டில் தென்னைக்குப் பின்னால். வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகளுக்குத் தெற்கே மங்கலாகத் தெரியும் புள்ளியைத்தான் குறிவைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது பழைய கெனன் கிராப் (சிறிய சென்சர்) கமரா, 135 மி.மீ. லென்ஸ், ட்ரைபொட். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, ரோ கோப்பு. வெள்ளிகள் நீளாமல் எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம் என்பதற்கு, 500ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் கணக்கின்படி, கிராப்பையும் (1.6 மடங்கு) சேர்த்தால் 2.3 செக்கன் வரும். நம்பாதீர்கள். ஓரியன் வான நடுக்கோட்டருகே இருப்பதால் வேகமாக நகரும், வெள்ளிகள் அரிசிமணி போல நீண்டுவிடும். நான் 1 செக்கனோடு நிறுத்திக்கொண்டு 600 படம் எடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எம்42ஐ மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். முதல் இரவு 400 படங்களும் பாலுக்குள் முக்கியெடுத்த மாதிரி இருந்தன. மெல்லிய முகில் என்று வானத்தைத் திட்டினேன். டோர்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்க ஈரம்! கமரா பகல் முழுக்க ஏசி அறையில் இருந்திருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் இரவுக் குளிரில் லென்ஸ் பனிப்பதைத்தான் சொல்வார்கள். நம் வாவிக்கரையில் வெளிக்காற்றுத்தான் சூடும் ஈரமும். குளிர்ந்த கண்ணாடி அதில் பட்டால் கூல் சோடாப் போத்தல் மாதிரி வியர்க்கும். துடைத்தால் திரும்பவும் வரும். அறைக்குள்ளேயே காற்றை அமுக்கி வெளியேற்றிய சிப் பையில் கமராவைப் போட்டு மூடி, விறாந்தையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். கண்ணாடி சூடேறிய பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். நள்ளிரவுப் பனிக்கு பவர் பேங்கில் ஓடும் சின்ன விசிறி போதும்.

போகஸுக்கு, லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை விட்டுவிடுங்கள். திரையில் சிரியஸைப் பத்து மடங்கு பெருப்பித்து, ஆகச் சின்னப் புள்ளியாக வரும்வரை திருப்பி, வளையத்துக்கு டேப் ஒட்டுங்கள். லென்ஸ் மேல்நோக்கி நிற்பதால் வளையம் தானே வழுகும்.

கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு 30 இருள் படங்கள், சென்சரின் இரைச்சலைக் கழிப்பதற்கு. எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். எனக்குச் சிரில்தான் பிடிக்கும், தெருவிளக்கு பூசிய மஞ்சளைப் பின்னணியிலிருந்து நன்றாகக் கழிக்கும். சாதாரண ஒளிமாசு வடிகட்டி வாங்க வேண்டாம். எல்ஈடி தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அந்தக் காசு வீண்.

பிற்சேர்க்கை: "எம்42 லென்ஸ் வாங்கினால்தான் எம்42 தெரியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. லென்ஸில் அது திருகாணியின் 42 மி.மீ. விட்டம், வானத்தில் மெசியே என்ற வானியலாளர் தொகுத்த பட்டியலின் 42ஆம் இலக்கம். ஆனால் அந்தப் பழைய திருகு லென்ஸ்கள் மலிவு. கெனனுக்கு ஓர் அடாப்டர் போட்டால் பொருந்தும்.