வோல்ட்டை அப்படியே கூட்டாதீர்கள்

இரண்டு அரைவினைகளை (எலக்ட்ரானை ஏற்கும் அல்லது இழக்கும் பாதி வினைகள்) சேர்த்து மூன்றாவது அரைவினையின் திட்ட மின்முனை மின்னழுத்தம் கேட்டால், ஒவ்வொரு வோல்ட்டையும் அதன் எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். அப்புறம் மொத்த எலக்ட்ரான்களால் வகுத்துவிடுங்கள். ஃபெர்ரிக் அயனி (Fe³⁺) ஃபெர்ரஸ் (Fe²⁺) ஆக 1 எலக்ட்ரான், +0.77 வோல்ட். ஃபெர்ரஸ் இரும்பு ஆக 2 எலக்ட்ரான், −0.44. 0.77 − 0.88 = −0.11, மூன்றால் வகுத்தால், ஃபெர்ரிக் நேராக இரும்பு ஆவதற்கு −0.04 வோல்ட். சும்மா கூட்டினால் +0.33 வந்து குறியே மாறிவிடும். கொள்குறி வினாவில் அந்த 0.33-உம் ஒரு விடையாக உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

கூட்டத் தகுந்தது கிப்ஸ் ஆற்றல்தான் (ΔG = −nFE), வோல்ட் (E) அல்ல. அந்த ஆற்றலில் எலக்ட்ரான் எண்ணிக்கையும் (n) பெருக்கலாக நிற்கிறது. ஃபாரடே மாறிலி F, அதாவது 96,500, எல்லா உறுப்பிலும் இருப்பதால் அடிபட்டுப் போகும், எழுதவே வேண்டாம்.

முழு மின்கலத்துக்கு இது தேவையில்லை. அங்கே எலக்ட்ரான்கள் சமன் ஆகிவிடும். கேத்தோடு மதிப்பிலிருந்து ஆனோடு மதிப்பைக் கழித்தால் சரி. டேனியல் கலம் (தாமிரம் கேத்தோடு, துத்தநாகம் ஆனோடு): 0.34 − (−0.76) = 1.10 வோல்ட்.

செறிவு 1 மோலார் இல்லையென்றால் செறிவுக்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும் நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான். அதில் வரும் 0.059 என்பது 25 டிகிரிக்கான எண். சித்திரை மாத மதுரை ஆய்வகத்தில் 25 எங்கே கிடைக்கும்? 35 டிகிரி என்றால் 0.061 போடுங்கள்.