கடைக்குக் குளிர்ச் சேமிப்புத் தொட்டி வைக்கும்போது பணத்தை வீணாக்கும் தவறுகள்

நான்கைந்து மாடி ஜவுளிக்கடை, நகைக்கடை, பெரிய சூப்பர்மார்க்கெட் நடத்துகிறவர்களுக்கு மின்கட்டணத்தில் பெரும்பங்கு ஏசிக்குப் போகிறது. அதைக் குறைக்க ஒரு வழி குளிர்ச் சேமிப்பு. கூட்டமில்லாத நேரத்தில் சில்லர் (மொத்தக் கட்டிடத்துக்கும் தண்ணீரைக் குளிர வைக்கும் பெரிய ஏசி இயந்திரம்) ஓட்டி, தண்ணீரைக் குளிர வைத்தோ பனிக்கட்டியாக உறைய வைத்தோ தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். கடை நிரம்பி வழியும் நேரத்தில் அந்தக் குளிரை எடுத்து மாடிகளுக்கு அனுப்புவார்கள். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்கிற அளவுக்கு, தண்ணீர் எந்த வெப்பநிலையில் திரும்பி வரும், தொட்டி எத்தனை மணிக்குக் காலியாகும் என்று யாரும் கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான். (ஸ்ப்ளிட் ஏசி மாட்டிய சின்னக் கடைகளுக்கு இது வேண்டாம். சில்லர் இருக்கும் கடைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.)

முதல் தவறு, அலுவலகக் கட்டிடத்தின் கணக்கைக் கடைக்குப் போடுவது. அலுவலகத்தில் பிற்பகல் 3 மணிக்கு ஏசிச் சுமை உச்சத்தில் இருக்கும், 6 மணிக்கு ஆள் கலைந்துவிடும். கடையில் 6 மணிக்குத்தான் ஆள் வரவே ஆரம்பிப்பார்கள். நின்றும் நடந்தும் துணி பார்க்கும் ஒருவர் ஏறத்தாழ 130 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். ஆயிரம் பேர் உள்ளே இருந்தால் அதுவே 37 டன் ஏசிச் சுமை (இங்கே டன் என்பது எடை அல்ல, ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன்), அதில் ஒரு பங்கு வியர்வையின் ஈரம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமையில் வெளியே மழை பெய்து குளுகுளுவென்று இருந்தாலும், உள்ளே மே மாதத்தைவிட அதிகச் சுமை வரலாம். ஆகவே சில்லரின் மேல் ஒட்டியிருக்கும் டன் எண்ணை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யாதீர்கள். சில்லருக்குத் தனி மீட்டர் போட்டு, சாதாரண நாள், வார இறுதி, பண்டிகை என்று மணிவாரியாக எழுதிய பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, 'ராத்திரி கரண்ட் மலிவு' என்ற பழைய நம்பிக்கை. மத்திய அரசு 2023ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, உச்ச நேரத்தில் வணிக நுகர்வோருக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும், சூரிய ஒளி நேரத்தில் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒழுங்குமுறை ஆணையங்கள் இதைச் செயல்படுத்தும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். மலிவான நேரம் இரவா பகலா என்பது அதில் இருக்கும்.

அதற்காக நண்பகலில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியை நிரப்பவும் கூடாது. உயர் அழுத்த இணைப்பில் யூனிட் கட்டணத்தோடு டிமாண்ட் கட்டணமும், அதாவது நீங்கள் இழுத்த அதிகபட்ச மின்சுமைக்கான கட்டணமும் உண்டு. மாதத்தில் எப்போது உச்சம் பதிவானாலும் அந்த மாதம் முழுவதற்கும் அதுதான் கணக்கு. பகலில் கடையையும் குளிர்வித்துக்கொண்டு தொட்டியையும் நிரப்பினால், மாலையில் இருந்த உச்சம் மதியத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் போதுமான சோலார் இருந்தால் கதை வேறு. அந்த மின்சாரத்திலேயே தொட்டியை நிரப்பலாம், மீட்டர் ஏறாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குளிர்நீர்த் தொட்டிகளைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான்: மாடிகளிலிருந்து தண்ணீர் போதுமான அளவு சூடாகாமல் திரும்பி வருவது.

ஒரு கணக்கு போடுவோம். மாலை 6 முதல் 10 வரை ஒரு கடைக்கு 200 டன் தேவை. அதில் 80 டன்னைத் தொட்டியிலிருந்து எடுக்கத் திட்டம். நான்கு மணி நேரத்துக்கு 320 டன்-மணி (80 டன் × 4 மணி). தண்ணீர் 5 டிகிரியில் போய் 13 டிகிரியில் திரும்பினால், ஏறக்குறைய 1,21,000 லிட்டர் வேண்டும். மேலும் கீழும் கலந்து வீணாவதையும் சேர்த்தால் 1,35,000 லிட்டர். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் 13க்குப் பதில் 9 டிகிரியிலேயே திரும்பி வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 8 டிகிரியிலிருந்து 4 டிகிரி ஆகிவிட்டது. அதே தொட்டி, அதே தண்ணீர், குளிர் மட்டும் பாதி. இரவு 8 மணிக்குத் தொட்டி காலி. பில் போடும் இடத்தில் வரிசை நீண்டிருக்கும் அந்த நேரத்தில் நிறுத்தி வைத்த சில்லர் ஓடத் தொடங்குகிறது. டன்னுக்கு 0.8 கிலோவாட் என்றால் 64 கிலோவாட், அதாவது 67 கேவிஏ (டிமாண்டை அளக்கும் அலகு) அளவுக்கு உச்சம் ஏறுகிறது. டிமாண்ட் கட்டணம் கேவிஏவுக்கு 550 ரூபாய் என்று வைத்தாலும், ஒரே ஒரு மாலை இப்படி நடந்ததில் அந்த மாதத்தின் சேமிப்பில் சுமார் 37,000 ரூபாய் போய்விட்டது.

ஏன் சூடாகாமல் வருகிறது? பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒவ்வொரு மாடியின் ஏ.எச்.யூ.விலும் (குளிர்நீரைக் கொண்டு காற்றைக் குளிர்வித்து மாடிக்குள் ஊதும் இயந்திரம்) பழைய மூவழி வால்வு இருக்கும். குளிர் தேவையில்லாதபோது அது குளிர்நீரைக் காயிலுக்குள் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்குள்) விடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அதை இருவழி வால்வாக மாற்றி, பம்புக்கு வேகக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். இரண்டாவது, துணிப் பஞ்சு அடைத்த ஃபில்டரும் அழுக்கேறிய காயிலும். ஜவுளிக்கடையில் இது சீக்கிரமே நடக்கும். மூன்றாவது, தெர்மோஸ்டாட்டை 18ல் வைத்துவிட்டுப் போகும் மாடிப் பொறுப்பாளர். அந்த 18ஐ எட்டவே முடியாமல் வால்வு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வாரம் திரும்பும் குழாயின் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். 12, 13 டிகிரி வராவிட்டால் முதலில் மாடிகளைச் சரிசெய்யுங்கள். தொட்டி காத்திருக்கட்டும்.

இதே தொட்டியில் ஆபரேட்டர்கள் செய்யும் இன்னொரு தவறு, 'இன்னும் கொஞ்சம் குளிராக இருக்கட்டும்' என்று 3 டிகிரிக்கு இறக்குவது. தண்ணீர் அதிக அடர்த்தியோடு இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே போனால் லேசாகி மேலே எழும். குளிர்நீர் அடியிலும் வெதுநீர் மேலேயும் பிரிந்து நிற்பதை நம்பித்தான் தொட்டியே வேலை செய்கிறது. அடுக்கு கலைந்தால் சேமித்த குளிரும் கலைந்துபோகும்.

இடமில்லாத கடைகள் பனிக்கட்டித் தொட்டிக்குப் போகின்றன. நியாயமான முடிவுதான். அதே 320 டன்-மணிக்கு 12 டன் எடையுள்ள பனிக்கட்டி போதும். தொட்டியின் அளவும் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பனிக்கட்டி உறைய சில்லர் மைனஸ் 5 டிகிரி அளவில் கிளைக்கால் (glycol, உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்த நீரை அனுப்ப வேண்டும். அந்த வெப்பநிலையில் சில்லரின் திறன் அதன் பெயர்ப்பலகை எண்ணில் மூன்றில் இரண்டு பங்காகக்கூடக் குறையும், ஒவ்வொரு டன்னுக்கும் மின்சாரமும் கூடும். எல்லாச் சில்லரும் அவ்வளவு கீழே போகாது. ஏற்கெனவே இருப்பதையே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாலைவன ஊர்களில் இரவு நன்றாகக் குளிர்வதால் அந்தக் கூடுதல் செலவு ஓரளவு ஈடாகிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் இரவும் புழுக்கம், சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவருக்குப் பெரிய நிம்மதி கிடையாது. இரவுத் தள்ளுபடி 5 சதவீதம் மட்டும் என்றால் யூனிட் கணக்கில் லாபம் வராது. டிமாண்ட் குறைவதில்தான் வர வேண்டும்.

தொட்டியை எங்கே வைப்பது? மொட்டை மாடி காலியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆட்கள் போய்வரும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர் அதே இடத்தில் 2,000 கிலோ. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு குழாய்கூட ஏற்றக் கூடாது; கீழே நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் கட்டிடம் இது. அடித்தளத்தில் திறந்த தொட்டி வைத்தால் வேறு சிக்கல்: பம்பு நின்றதும் மேல்மாடிக் குழாய்களில் உள்ள தண்ணீர் தொட்டிக்குள் இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க நடுவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரு பக்கத் தண்ணீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவி) வைத்தால் அது ஒன்று, ஒன்றரை டிகிரியைத் தின்னும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தீயணைப்புச் சம்ப்பைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். தீயணைப்புத் துறை ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பாக வாசல் கதவு. வாடிக்கையாளரை இழுக்கக் கதவைத் திறந்தே வைத்துக் குளிர்காற்றைத் தெருவில் விடும் கடை, அந்தத் தெருவையும் சேர்த்துக் குளிர்விக்கத்தான் தொட்டி வாங்குகிறது. தானாக மூடும் கதவும் எல்இடி விளக்கும் முதலில். குறையும் ஒவ்வொரு டன்னுக்கும் தொட்டி சிறியதாகும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு காகித வேலை மறந்துபோகிறது. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கு, பதிவான உச்சம் அல்லது ஒப்பந்த டிமாண்டில் (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த உச்ச அளவில்) 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். மீட்டரில் உச்சம் எவ்வளவு இறங்கினாலும், மின்வாரியத்திடம் விண்ணப்பித்து ஒப்பந்த டிமாண்டைக் குறைக்காவிட்டால் பில் அந்த 90 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அவசரப்பட்டும் குறைக்க வேண்டாம். ஒரு கோடையும் ஒரு தீபாவளியும் தாண்டி, தொட்டி இரவு 10 மணி வரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். அப்புறம், குளிர்நீர் பம்புகளையும் ஏ.எச்.யூ. மின்விசிறிகளையும் ஜெனரேட்டர் இணைப்பில் சேர்த்துவிடுங்கள். கரண்ட் போனால் சில்லர் நின்றாலும், தொட்டியில் இருக்கும் குளிரைக் கொண்டு கடையை ஓட்டலாம்.