முட்டைக்கோஸ் பச்சடி நீர்விடாமல் இருக்க

அரை கிலோ முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்துவிட்டு, அதற்கப்புறம் எலுமிச்சையும் காரமும் சேருங்கள்.

உப்பு கோஸுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் தண்ணீர் சாப்பிடும் நேரத்தில் இறங்கும். போட்ட புளிப்பும் காரமும் கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கும். பிழிந்த கோஸ் எலுமிச்சைச் சாற்றை உள்ளே வாங்கிக்கொள்வதால் ஒரு பழமே போதும்.

காரத்துக்கு, திருத்தணி, நகரிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் குண்டூர் மிளகாய்த்தூள் அரை ஸ்பூன். கூடவே கால் ஸ்பூன் பச்சைக் கடுகைப் பொடித்துச் சேர்த்துப் பாருங்கள், ஆவக்காயில் வருகிற அந்த மூக்கில் ஏறும் நெடி கிடைக்கும். கடுகை வறுத்துவிடாதீர்கள், சூடு பட்டால் நெடி போய்விடும். கடைசியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். பருப்புச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி எனக்குத் தெரியவில்லை.

பிழிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ரசத்தில் ஊற்றி, அதற்கு உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

கலந்த கையோடு சாப்பிடப் போகிறீர்கள், நறுக் நறுக்கென்று கடிபட வேண்டும் என்றால் இந்த வேலை தேவையில்லை. தயிர்ப் பச்சடிக்கும் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்களும் இதை விட்டுவிடுவது நல்லது, பிழிந்த பிறகும் கோஸில் கொஞ்சம் உப்பு தங்கும்.