மல்டி மீன் வளர்க்க: மணலைக் கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள்

மல்டி வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது மணலைப் பற்றித்தான். நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ் என்பது இதன் முழுப்பெயர். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மட்டும் இருக்கிற, சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மீன் இனம். ஆண் முழுசாக வளர்ந்தாலும் நாலரை சென்டிமீட்டர்தான், பெண் அதைவிடச் சிறிசு. ஏரியின் அடியில் நியோதௌமா நத்தைகளின் காலி ஓடுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். அவற்றுக்குள்தான் இதன் குடித்தனம்.

ஆறேழு மீன்களுக்கு 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி போதும். பாறை வைப்பதாக இருந்தால் முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடி மேலேயே வைத்துவிடுங்கள். மணல்மேல் வைத்தால் இவை தோண்டித் தோண்டிச் சாய்த்துவிடும். அப்புறம் நைசான மணலை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டி, மீன் ஒன்றுக்கு இரண்டு மூன்று ஓடாவது வருகிற மாதிரிப் போடுங்கள். அடுக்க வேண்டாம், அந்த வேலை அவற்றுடையது. வாய் நிறைய மணலை அள்ளிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பும், திரும்பி வரும், மறுபடி அள்ளும். கடைசியில் ஓடு புதைந்து, அதன் வாய் மட்டும் வெளியே தெரியும். நான் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

தண்ணீர் கடினமாக இருக்கட்டும். பி.ஹெச். 8-க்கு மேல், வெப்பம் 25 டிகிரி. பவள மணல் கலந்தால் பி.ஹெச். இறங்காமல் நிற்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுங்கள்.

முதல் வருஷம், சுத்தம் செய்கிறேன் என்று ஓடுகளை வெளியே எடுத்து அலசினேன். ஒன்றிலிருந்து கண்ணும் வாலுமாக, கண்ணிமை நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கொட்டின. ஒன்றும் பிழைக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. பெண் முட்டையிடுவது ஓட்டுக்குள்ளேதான், அது வெளியிலிருந்து தெரியாது. அதனால் சுத்தம் செய்கிறேன் என்று ஓட்டைத் தொடவே தொடாதீர்கள்.

குஞ்சுகள் ஓட்டு வாயில் தலைகாட்ட ஆரம்பித்ததும், அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) டிராப்பரில் எடுத்து அங்கேயே மெதுவாக விடுங்கள். தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டாம். அண்ணன் அக்காக்கள் நடுவிலேயே அவை நன்றாக வளரும். பெரியவற்றை எப்போதாவது இடம் மாற்ற நேர்ந்தால் வலை போட்டுத் துரத்தாதீர்கள். பயந்தால் ஓட்டுக்குள்தான் ஓடும், அப்போது ஓட்டோடு சேர்த்து ஒரு டப்பாத் தண்ணீரில் எடுத்துப் போங்கள்.