வை ஆற்றில் கனூ: மழை வெயில் மாறும் கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸில் கிளாஸ்பரியிலிருந்து ஹே-ஆன்-வை வரை கனூவில், அதாவது துடுப்புப் படகில், போகும் ஆற்றுவழி சுமார் 8 கிலோமீட்டர். புதியவர்களுக்குத் தோதான தூரம்தான். லைஃப் ஜாக்கெட் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது

வை ஆறு பிளின்லிமன் மலையில் பிறக்கிறது. அங்கே இரவில் கொட்டிய மழை, ஹேயில் வெயில் காயும்போது வந்து சேரும். கிளம்புமுன் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள எர்வுட் ஊரில் நீர்மட்டம் எப்படி என்று இணையத்தில் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே முக்கியம். தண்ணீர் பழுப்பாகிச் சுள்ளிகள் மிதந்து வந்தால் அன்றைக்கு வேண்டாம்.

கிளையைப் பிடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் செய்கிறார்கள். வளைவில் ஓட்டம் படகை வெளிக்கரைக்குத் தள்ளும். அங்கே வில்லோ மரங்கள் இலை அடர்ந்து நிற்கும். தண்ணீர் ஓர் அடி ஏறினாலே தாழ்ந்த கிளைகள் ஓட்டத்துக்குள் வந்துவிடும். முன்னால் இருப்பவர் எட்டிக் கிளையைப் பிடிக்கிறார். அவர் நின்றுவிடுகிறார், படகு நிற்பதில்லை. அது குறுக்கே திரும்ப, பயத்தில் இருவரும் மரத்தைவிட்டு விலகிச் சாய்கிறார்கள். ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, தண்ணீர் உள்ளே பாய்கிறது. 16 அடி கனூ நிரம்பினால் அரை டன்னுக்கு மேல். கிளையோடு அழுந்திய அதை இரண்டு பேர் அசைக்கவே முடியாது. மூழ்கிய கிளைகளோ சல்லடை மாதிரி: தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

வளைவு வருமுன்பே பின்முனையை உட்கரைப் பக்கம் சற்றுத் திருப்பி, இருவரும் பின்னோக்கித் துடுப்புப் போடுங்கள். வேகம் குறையும், ஓட்டமே படகை உட்கரைக்கு நகர்த்தும். வேகமாக அடித்துக் கடந்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் மரத்தில் போய் முட்டுகிறார்கள்.

மோதல் தப்பாது என்றானால் மரத்தின் பக்கமே சாயுங்கள். தண்ணீரில் விழுந்து மரத்தை நோக்கிப் போகிறீர்கள், ஒதுங்க வழியில்லை என்றால், காலை முன்னால் நீட்டாமல் தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிடுங்கள். படகுக்கும் மரத்துக்கும் நடுவே மட்டும் மாட்டக்கூடாது.

ஓட்டத்தில் எழுந்து நிற்பது

பாறை இடுக்கில் கால் மாட்டும். முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

ஜீன்ஸ்

வேண்டாம்.

இடி

கேட்டதும் கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். தனிமரத்தடி ஆகாது.

பாதிப் படகைக் கரையேற்றிவிட்டுச் சாப்பிடப் போவது

ஆறு ஏறினால் படகு உங்களுக்கு முன்பே ஹே போய்ச் சேரும். முழுக்க மேலே தூக்கி, கவிழ்த்து, கட்டிப்போடுங்கள். திரும்ப ஏறும்போது அந்தக் கயிற்றைச் சுருட்டி முனையில் செருகுங்கள். தளர்ந்து கிடந்தால் காலைச் சுற்றும்.