பொன்னாடையும் பட்டா புத்தகமும்: ஊரோடு பழகும் காவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகப் பணியில் சேரும் உதவி ஆய்வாளர்களோடு பேசும்படி அவ்வப்போது அழைக்கிறார்கள். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பொதுமக்களோடு நல்லுறவு வேண்டும் என்பதை நாங்கள் சொல்லாமலே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஊருக்குள் இறங்கியதும், நான் இருபத்தாறு வயதில் எந்தெந்த இடத்தில் சறுக்கினேனோ அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போதுதான் இதை எழுதத் தோன்றியது. கை நீட்டாதே, கை ஓங்காதே, மனு கொடுக்க வந்தவரை ஒருமையில் பேசாதே என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருப்பவர் சீருடை அணிந்திருக்கவே கூடாது. நான் சொல்ல வந்தவை நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள்.

கூட்டத்தில் நாமே பேசி முடிப்பது

மண்டபத்தில் நல்லுறவுக் கூட்டம் கூட்டி, கதவைப் பூட்டுங்கள், கேமரா வையுங்கள், ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு, கடைசியில் "ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் எழுந்து பேசுபவர் பெரும்பாலும் எல்லாக் கூட்டத்திலும் பேசுபவராகவே இருப்பார். உண்மையான விஷயம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதோ, நாம் வண்டியில் சாவியைப் போடும்போதோதான் வரும். ஆகவே கூட்டத்துக்கு அரை மணி நேரம் என்றால், அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தையும் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் சும்மா நிற்பதும் பணிதான்.

ரசீது கொடுத்ததோடு மறந்துபோவது

நம் மாநிலத்தில் மனு வாங்கினால் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டில் பதிந்து ரசீது தருகிறோம். பலருக்கு அது மனுவைக் கிடப்பில் போடும் இடமாகிவிட்டது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் மனுவிலேயே தெரியும்போது எஃப்.ஐ.ஆர். பதிந்தாக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவோ, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

சட்டம் சொல்வதற்கு முன்பே இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஏட்டு. இரண்டு ஆடுகளைப் பறிகொடுத்த ஒரு பெரியவரை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரோந்து போகும் வழியில் பார்த்து, "இன்னும் கிடைக்கலைங்க பெரியவரே, மறக்கலை" என்று சொல்லிவிட்டு வருவார். ஆடுகள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் ஓராண்டு கழித்து அந்த ஊரில் நடந்த ஒரு கொலை வழக்கில், மற்ற எல்லோரும் பின்வாங்கியபோது சாட்சி சொல்ல வந்தவர் அந்தப் பெரியவர் ஒருவரே.

தகவல் சொன்னவரை ஊரறியச் செய்வது

இந்தத் தவற்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் நான் உதவி ஆய்வாளராக இருந்தபோது, பேருந்து நிறுத்தத்தின் அருகே ஓர் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். ஒரு நல்லுறவுக் கூட்டம் முடிந்து நான் வண்டியருகே நின்றிருந்தபோது, சாம்பார் வாளியைக் கையில் வைத்தபடியே வந்து, மூடிக்கிடந்த அரிசி ஆலையின் பின்புறம் எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், பள்ளிச் சீருடையில் வரும் பையன்கள் எவ்வளவு கொடுத்துப் பொட்டலம் வாங்குகிறார்கள் என்பதை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாளில் கஞ்சாவோடு மூன்று பேரைப் பிடித்தோம். மேலதிகாரியிடம் பாராட்டும் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த காரியம் இது: அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த அம்மாவை மேடைக்கு அழைத்து, "இவரைப் போல எல்லோரும் துணிந்து தகவல் சொன்னால் இந்த ஊரே சுத்தமாகிவிடும்" என்று ஒலிபெருக்கியில் பேசி, பொன்னாடை போர்த்தினேன். நான் போர்த்தப் போர்த்த அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டே போனார். ஆடை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் கைதட்டல் முன்வரிசையிலிருந்து மட்டுமே வந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். ஆனால் வெட்கப்படுகிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்குள் யாரோ இரவோடிரவாக அவருடைய தண்ணீர் டிரம்மை உடைத்துவிட்டார்கள். யார் உடைத்தது என்று கேட்டால், பூனை தட்டிவிட்டது என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் வழக்கமாக வரும் ஆட்டோக்காரர்கள் எதிர்ச்சாரிக் கடைக்கு மாறினார்கள். இரண்டு மாதத்தில் கடையை எடுத்துவிட்டுத் தங்கை ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். புறப்படுவதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கரி படிந்த இட்லிக் கொப்பரையைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "ஒங்ககிட்ட மட்டுந்தானே சார் சொன்னேன்" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அந்த ஊரில் நான் இருந்த ஒன்றரை ஆண்டும் எனக்கு வணக்கம் குறையவில்லை, தேநீர் குறையவில்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது. நாற்சந்தியில் வைத்திருந்த புகார்ப் பெட்டியைத் திறந்தால் பஸ் டிக்கெட்டும் பீடித்துண்டும்தான் கிடந்தன.

முப்பது ஆண்டு கழிந்தும் இது எனக்கு ஆறவில்லை என்றால், காரணம் என் குற்ற உணர்ச்சி மட்டுமல்ல. இன்றும் இதையே செய்கிறார்கள் என்பதும்தான். பொன்னாடையின் இடத்துக்கு இப்போது வாட்ஸ்அப் வந்திருக்கிறது. அண்மையில் ஒரு துடிப்பான இளம் உதவி ஆய்வாளர், பகுதிவாசிகள் இருநூறு பேர் இருக்கும் குழுவில், தகவல் தந்து உதவியவரின் படத்தைக் கூப்பிய கைப் பொம்மைகளோடு பதிவிட்டுவிட்டு, என்னிடமே பெருமையாகக் காட்டினார். அழிக்கச் சொன்னேன். "நன்றி சொல்வது தப்பா சார்?" என்று கேட்டார். அதற்குள் நூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

பெயரைச் சொல்லாமலும் ஆளைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பதைப் பலர் உணர்வதில்லை. ஒரு வீட்டு மாடியிலிருந்து மட்டுமே தெரியக்கூடிய சந்தில், அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்த அரை மணிக்குள் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் காலை சீருடையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டி மேலும் இரண்டு கேள்வி கேட்பதும், நிலையத்தில் ரைட்டர் மேசையருகே ஸ்பீக்கரில் போட்டு அவரோடு பேசுவதும், பிடிபட்டவனிடம் "உன் தெருக்காரனே சொல்லிவிட்டான், ஒத்துக்கொள்" என்று மிரட்டுவதும் அதே வகைதான். எல்லாவற்றிலும் கொடுமை, பறிமுதல் செய்ததைப் பதியும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட வேறு யாரும் கிடைக்கவில்லை என்பதற்காகத் தகவல் சொன்னவரையே அழைத்துக் கையெழுத்து வாங்குவது. அந்தத் தாளின் நகல் குற்றப்பத்திரிகையோடு குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்குப் போகும் என்பது தெரிந்தவர்களே, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இதைச் செய்கிறார்கள்.

ஒரு குற்றம் பற்றிய தகவல் தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 125-ஆம் பிரிவில் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதிநியமும் 131-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. போதைப்பொருள் வழக்குகளுக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு தனியாகவும் இருக்கிறது. நீதிமன்றக் கூண்டில்கூடச் சொல்லத் தேவையில்லாத பெயரை நாம் டீக்கடையில் சொல்லிவிட்டு வருகிறோம்.

சரி, வேறு எப்படித்தான் தகவல் பெறுவது என்று கேட்பீர்கள். விடை பழைய பட்டா புத்தகத்தில் இருக்கிறது. பீட் எனப்படும் ரோந்துப் பகுதிக்குப் பொறுப்பான காவலர் தெருத்தெருவாகப் போய், வங்கியிலும் கோயிலிலும் சில வீடுகளிலும் வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடும் வழக்கத்தை, வேலை பார்த்ததற்கான சான்று என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் பெரிய பயன் வேறு. தினமும் முப்பது வாசலில் நிற்கிற காவலரிடம் எந்த வாசலில் என்ன சொன்னார்கள் என்று யாராலும் ஊகிக்க முடியாது. எப்போதாவது ஒருமுறை வருகிற காவலர் நிற்கும் வாசலோ ஊருக்கே தெரியும். ஜே.கே.திரிபாதி திருச்சி மாநகர ஆணையராக இருந்த காலத்தில் நகரைப் பீட்களாகப் பிரித்து அதே காவலர்களை அதே பகுதியில் நிலையாக வைத்ததற்கும், நிலையத்துக்கு வெளியே புகார்ப் பெட்டிகள் வைத்ததற்கும், 2008-ல் தொடங்கிய கேரளத்தின் ஜனமைத்ரி திட்டத்தில் பீட் அதிகாரி வீடு வீடாகப் போவதற்கும் உள்ள பயன்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். எல்லோர் வீட்டுக்கும் போவதுதான் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு. பூட்டிய வீடுகளைக் கண்காணிக்கும் சாக்கில் போகலாம், தனியாக வாழும் முதியவர்களை விசாரிக்கும் சாக்கில் போகலாம். போய்க்கொண்டே இருக்க வேண்டும். நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்றால், கூட்டம் இல்லாத நேரத்தில் நாலு இட்லி வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரே தெருவில் வண்டியை நிறுத்துவது

ஊருக்குப் போனால் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தலைவர் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, "மக்களைச் சந்தித்தேன்" என்று பொது நாட்குறிப்பில் எழுதுகிறோம். காலனிக்குள் ஜீப் போவது யாரையாவது தூக்குவதற்கு மட்டும் என்றால், ஊர்த்தெருவில் நாம் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் காலனியில் அது எப்படிப் படும் என்பதை யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதை இரண்டு தெருக்களும் எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆர்வலரைப் பாதிப் போலீசாக்குவது

1993-ல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற காவலர் நண்பர்கள் திட்டம், பொதுமக்களில் ஆர்வமுள்ளோரைக் காவல் பணிக்கு உதவச் செய்யும் நல்ல யோசனையாகவே பிறந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு இறந்ததையடுத்து, அப்பெயரில் இயங்கியவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. ஜூலையில் தமிழக அரசு அதன் செயல்பாட்டுக்குத் தடை விதித்தது. அந்த வழக்கைப் பற்றிப் பேசுவது என் நோக்கமல்ல. நிலையங்களில் நானே கண்டது: திருவிழா பந்தோபஸ்தில் கயிறு பிடிக்க வந்த இளைஞனிடம் இரண்டு மாதத்தில் லத்தியைக் கொடுத்து வாகனச் சோதனையில் நிறுத்துவார்கள், ஆறு மாதத்தில் அவன் தெருவில் "ஸ்டேஷன்ல சொல்லிடுவேன்" என்று மிரட்டத் தொடங்குவான். பயிற்சியும் பொறுப்பும் பதிவேடும் இல்லாத ஒருவனுடைய வாயில் நம் அதிகாரம் போய் உட்கார்ந்த பிறகு, அவன் செய்வதெல்லாம் நம் கணக்கில்தான் எழுதப்படும். ஆர்வலருக்குக் கயிறு போதும். விசாரணை அறைக்குள் அவருக்கு எந்த வேலையும் கிடையாது.

"ஸ்டேஷனுக்கு வாங்க, பேசிக்கலாம்"

சாட்சியாக விசாரிக்கப்பட வேண்டிய பெண்களையும், அறுபது வயதைக் கடந்த ஆண்களையும், பதினைந்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் போங்கள்.

சிறார் மன்றத்துக்குத் திறப்பு விழா மட்டும் நடத்துவது

பகுதிச் சிறுவர்களுக்காகக் காவல்துறை தொடங்கும் மன்றம் அது. கேரம் பலகைக்குப் பவுடர் வாங்கிப் போட ஆள் இல்லையென்றால் திறக்காதீர்கள்.

தேவையில்லாமல் சைரன் போடுவது

குழந்தைகள் விழித்துக்கொள்ளும், திருடன் போய்விடுவான்.

மாறுதல் வந்ததும் அப்படியே புறப்படுவது

நாம் சேர்த்த நம்பிக்கை நம் பெயரில் இருக்கிறது, நிலையத்தின் பெயரில் இல்லை என்பது மாறுதல் உத்தரவு வரும்போதுதான் தெரியும். பொறுப்பை ஒப்படைக்கும்போது துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எண்ணிக் கையெழுத்து வாங்குகிறோம், தெருக்களை ஒப்படைப்பதில்லை. குறைந்தது இரண்டு நாளாவது, பின்னால் வருபவரை அழைத்துக்கொண்டு நடந்தே சுற்ற வேண்டும்.

கடைசியாகப் பணியாற்றிய நிலையத்தில் நான் அப்படிச் சுற்றினேன். எந்த மூலையில் விளக்கு எரியாது, எந்த இரண்டு குடும்பங்களுக்குள் வாய்க்கால் தகராறு, எந்தப் பாட்டி இரவில் கதவைத் தாழிட மறப்பார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்த புதியவர், ஓரிடத்தில் பேனாவைப் பிடித்தபடியே, "உங்களுக்குத் தகவல் சொல்றவங்க யார் யார்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும் சார்" என்றார். தினமும் இதே வழியில் வந்து போகும்படி சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தெருவுக்குத் திரும்பினோம்.